உறை பிரிக்காத ஸ்டூல்

நெல்லையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை எனக்கு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்ததும், எங்கள் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. மேனேஜர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவிடவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்டார், "உக்கார விடுதாங்களாம்மா?"

பக்கத்தில் நின்ற செல்வியக்கா, நரம்பு புடைத்த காலைப் பைய பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல சார்."

அவர் அந்த உறையைத் தடவிப் பார்த்தார். "ஸ்டூல்தான் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் சிரித்தார். "நாளையிலிருந்து வீட்டுலயே நல்லா உக்காருளா."

தீபாவளிக்கு அந்த வழியாகப் போனேன். கண்ணாடிக்குள் அதே ஸ்டூலில் பட்டுச்சேலை கட்டிய பொம்மை உட்கார்ந்திருந்தது. செல்வியக்கா நின்றபடி அதற்குக் கொசுவம் சரிசெய்துகொண்டிருந்தாள்.