வாத்து வாங்க வந்தவள்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக மனதார வெறுத்த ஆள் ஒரு சீன நடிகர். அவருடைய பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. உருண்டை முகம், வெளியே தள்ளிய காதுகள், சிரிக்கும்போதும் அழுவதுபோல் சுருங்கும் கண்கள். பத்து வயதில் அந்த முகத்தைத் திரையில் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அந்த ஆத்திரம் அவரை விட்டு வேறு ஆட்கள் மேல் திரும்பியது. அது இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் தொலைக்காட்சி இருந்தது எங்கள் வீட்டில்தான். மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த பெட்டி. மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. பெட்டி மட்டுமல்ல, அது இருந்த மேசை, மேசை நின்ற அறை, அறையின் கல் சுவர் எல்லாமே அவர் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசில் வந்தவை. விடுமுறையில் வந்தால் அவர் படுப்பது மட்டும் விறாந்தையில், ஒரு மடக்குக் கட்டிலில். காலையில் அதை மடித்துச் சுவரில் சாத்திவிடுவார். அறைகள் எங்களுக்கு நிறைந்துவிட்டன. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு. கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தகப்பனும் மாமனும் சகோதரனும் முதுகு ஒடிய வேண்டும். கலியாணமாகாத ஆண், சகோதரியின் வீட்டில் கால் மடக்கி இருந்துகொள்ள வேண்டியதுதான்.

சனிக்கிழமை பகலில் பிறநாட்டுப் படம் போடுவார்கள். ஒரு முறை சீனப் படம் ஒன்று வந்தது, பாதி அந்தக் கிழமை, மிச்சம் அடுத்த கிழமை. பேச்செல்லாம் சீனம். அடியில் சிங்கள எழுத்து ஓடியது. எங்களுக்கு இரண்டுமே ஒன்றுதான். மாமா மட்டும் சவூதிக்குப் போகுமுன் கண்டியில் ஒரு புடவைக் கடையில் நின்றவர், சிங்களம் நன்றாக வாசிப்பார். எனவே அவர் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துக் கதை சொல்ல, ஒழுங்கைப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தபடி படம் பார்த்தார்கள். வாப்பா மூலைக் கதிரையில் இருந்தார். அவர் சாறன் துணி வியாபாரம் செய்தவர். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருக்கும் நாட்களில் அம்பாறைப் பக்கத்துச் சிங்கள ஊர்களுக்கு மூட்டையோடு போவார்.

படம் தொடங்கியதுமே சிக்கல் வந்தது. ஒரு பெண் கலியாணம் முடித்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் அண்ணனான அந்த உருண்டை முகக்காரரும் நின்றார்கள். எங்கள் பெண்களுக்கு விளங்கவில்லை.

“என்னகா இது, பொம்பிளப் புள்ள பெட்டியோட வருது? அவக்கு வீடு குடுக்கலயா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு, “இது அவட வீடுதான். கலியாணத்துக்கு எழுதின வீடு. அந்தா நிக்கிறான் பாருங்க, அவன் மாப்பிளைட காக்கா. தம்பிக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வந்திரிக்கான்” என்றார்.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தம்பி பெண் முடித்த வீட்டில் அண்ணன் வந்து ஒட்டிக்கொண்டு இருப்பதைப்போல் வெட்கங்கெட்ட காரியம் எங்கள் ஊரில் கிடையாது. அதற்குப் பிறகு அந்த நடிகர் என்ன செய்தாலும் பிழையாகத்தான் தெரிந்தது. அவர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையில் படுத்தார், புரண்டு விழுந்தார், மாவுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். “குசினிக்குள்ள ஏன் படுக்கான்?” என்று யாரோ கேட்க, “சட்டிக்குப் பக்கத்துல இரிக்கத்தான்” என்றார் மாமா. வீடு சிரிப்பில் அதிர்ந்தது. மாமாதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். நாங்கள் சிறுசுகள் அந்த ஆளுக்குக் குசினிக் காக்கா என்று பெயர் வைத்தோம். அவர் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மணப்பெண்ணை நினைத்து வயிறு எரிந்தது.

இன்னொரு பெண்ணும் வந்தாள். மெலிந்தவள், கட்டைக் கூந்தல், அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நடிகை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. முற்றத்தில் ஒரு வாத்து கட்டியிருந்தது. இவள் யார் என்று கேட்டோம்.

“வாத்து வாங்க வந்தவ” என்றார் மாமா.

அவள் மறுபடி வந்தாள். மழையில் நனைந்துகொண்டு வந்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வாத்து இன்னும் கட்டியபடிதான் இருந்தது. விலை படியவில்லை என்றார் மாமா. ஒரு வாத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்று பெண்கள் சிரித்தார்கள். உம்மா மட்டும் சிரித்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த நாட்களில்தான் என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டை ராத்தாவுக்கு எழுதுவதென்றும், எங்களுக்குப் பின்வளவில் ஒரு சின்ன வீடு போடுவதென்றும் முடிவு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, சுவர் பூசி, தரைக்கு மாபிள் பதித்து, முன்னால் ஒரு மண்டபமும் இழுத்தால் நல்லது என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமாவுக்கும் மருதமுனையில் ஒரு பெண் பேசி வைத்திருந்தது. நெசவு செய்யும் குடும்பம், பெண்ணின் வீடும் தயார். எங்கள் வீட்டைக் கட்டி முடிக்கட்டும் என்று அவர்களை ஏற்கெனவே காக்க வைத்தாயிற்று. மாமா கலியாணம் முடித்தால் உழைப்பு அந்த வீட்டுக்குப் போகும், போகத்தான் வேண்டும். அதனால் ராத்தாவின் காரியம் முடிய இன்னும் ஒரு தரம் சவூதிக்குப் போய் வந்தால் என்ன என்று உம்மாவும் வாப்பாவும் சாப்பாட்டுப் பாயில் மெதுவாகக் கதைப்பார்கள். மாமாவிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. அவர் இருக்கும் இடத்தில் அவர் காதில் விழும்படி கதைத்தார்கள். கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கலாம் அல்லவா, அதனால்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் குசினிக் காக்காவின் கதையை நடித்தே காட்டினேன். வகுப்பே சிரித்தது, ஒருத்தியைத் தவிர. அவள் தகப்பனின் உத்தியோக மாற்றத்தால் கண்டியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. அவளும் படம் பார்த்திருக்கிறாள், சிங்களமும் வாசிப்பாள்.

“அப்படி இல்ல. அது அவர்ட வீடு. உம்மா வாப்பா மௌத்தான பொறகு அவர்தான் தம்பி தங்கச்சிய வளத்த. தம்பிக்கு அறையக் குடுத்துட்டு அவர் குசினியில படுக்கிறார். அந்தப் பொம்பிள வாத்து வாங்க வரல்ல. அவரக் கலியாணம் முடிக்கக் காத்துக்கிட்டு நிக்கிறா” என்றாள்.

வகுப்பு இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஊரெல்லாம் மதிக்கும் என் மாமா பொய் சொல்வாரா? சொல்லியிருந்தால் எதற்காக? ஒரு கிழமை முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டொபியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். அடுத்த சனிக்கிழமை அந்தக் கண்டிப் பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்து, பெட்டிக்கு முன்னால் சபையின் நடுவே இருத்தினேன். இவள் வாசிக்கட்டும், யார் சொல்வது மெய் என்று பார்ப்போம் என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவளுக்கு இதில் எந்த வஞ்சமும் இல்லை. தமிழ்ப் பாடம் வாசிப்பதுபோல் ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டு போனாள். சைக்கிள்காரி அன்று வாசலில் நிற்கவில்லை, நேரே குசினிக்குள் வந்து அந்த வாங்கின் முன்னால் நின்றாள்.

“‘நீங்க ஒழச்சீங்க. தம்பி முடிச்சான், தங்கச்சி படிச்சா. ஒங்களுக்கு எண்டு எப்ப?’ எண்டு அவ கேக்கிறா. ‘இன்னும் கொஞ்ச நாள்’ எண்டு அவர் சொல்றார். ‘அத போன வருசமும் கேட்டுட்டேன். எங்கட வீட்டுல இனிப் பொறுக்க மாட்டாங்க’ எண்டு அவ சொல்றா.”

யாரும் உச்சுக் கொட்டவில்லை. அந்த நடிகரின் உருண்டை முகம் திரை முழுக்க வந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். கண்டிப் பிள்ளை அதை வாசிக்க மூச்சை இழுத்தாள். உம்மா எழும்பி வந்து பெட்டியை நிறுத்தினார்.

“அஸருக்கு நேரமாகிட்டு” என்றார்.

அந்தத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பாராமல் எழுந்து போனார்கள். எனக்கோ வெற்றி. மாமாவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, பொய்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஓம் மகள், பொய்தான்” என்றார் அவர். இன்னும் சிரித்தபடிதான்.

அப்போதுதான் மூலையில் இருந்த வாப்பா என் கண்ணில் பட்டார். சிங்கள ஊர்களில் பஸ் பலகையும் கடைப் பலகையும் வாசித்துத் திரிந்த மனுசன். நீங்களும் வாசிப்பீர்கள்தானே, போன கிழமை ஏன் சொல்லவில்லை என்று அவரையும் பிடித்தேன். கண்ணாடி இல்லாமல் தெரியாது என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மாமா தன்னைத்தானே கோமாளியாக்கிச் சிரிக்கிறார் என்பது அந்த அறையில் வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு சேர்ந்து சிரித்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாபிள் தரை போயிருக்கும்.

இரண்டாம் பாதி அத்தோடு நின்றது. குசினிக் காக்கா அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னார், அவள் என்ன ஆனாள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. கண்டிப் பிள்ளையும் எங்கள் வீட்டில் இருந்ததால் முடிவைப் பார்க்கவில்லை. உம்மாவிடம் கேட்டால் படம்தானே என்பார். மாமாவிடம் கேட்கலாமென்றால், அவர்தான் பொய்க்காரர் ஆயிற்றே. சில கிழமைகளில் அவர் மடக்குக் கட்டிலைக் கடைசியாக மடித்துச் சாத்திவிட்டு சவூதிக்கு விமானம் ஏறினார். பொய் பிடிபட்ட வெட்கத்தில்தான் ஓடுகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். வேன் புறப்படும்போது ஸலாம் கூடச் சொல்லாமல் விறைத்துக்கொண்டு நின்றேன்.

வீடு பூசி முடிந்தது. மாபிள் வந்து இறங்கியது, வெள்ளையில் பச்சைக் கோடு ஓடிய மாபிள். அது இறங்கிய கிழமையே, மருதமுனைப் பெண்ணை வேறு இடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. அவர்களில் என்ன குறை, எத்தனை காலம்தான் பொறுப்பார்கள் என்று வாப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அவரைவிடப் பெருந்தன்மையான ஆளை நான் கண்டதில்லை.

அப்போது சவூதியில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசி, ஊருக்கு வரும் ஆட்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். மாமாவின் கசட் ஒன்று ராத்தாவின் கலியாணத்துக்கு முன்னால் வந்தது. புதுத் தரையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார், தரை வழுக்குமாம், ஈரக்காலோடு நடக்க வேண்டாம் என்றார், ராத்தாவுக்குத் துஆ செய்தார். முடியும் இடத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“மகள், அந்தப் படத்துட முடிவ எல்லாரிட்டயும் கேட்டுத் திரிஞ்சீங்களே. வாத்து வாங்க வந்த பொம்பிள கடைசில வேற வீட்டுல நல்ல வாத்தா வாங்கிட்டா. அவக்குச் சந்தோசம். குசினிக் காக்காவுக்கும் ஒரு குறையுமில்ல. சட்டிக்குப் பக்கத்துலதான் இரிக்கான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டியை நிறுத்திய பிறகு முடிவு இவருக்கு எப்படித் தெரியும்? அவள் வாத்து வாங்க வந்தவள் இல்லை என்று சபையில் எல்லோர் முன்னாலும் நிரூபித்தாயிற்றே. கடல் தாண்டிப் போயும் இந்த மனுசனுக்குப் பொய் விடவில்லையே. பொய், முழுப் பொய், நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

உம்மா நிறுத்தினார். கசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓடவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டார். முடிந்ததும் மறுபடியும் போட்டார். முக்காட்டுத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, அந்தப் பச்சைக் கோட்டுத் தரையில் குனிந்திருந்தார். கண்டிப் பிள்ளை வந்து மெய்யை வாசித்தபோது பெட்டியையே நிறுத்திய உம்மா, இந்தப் பச்சைப் பொய்யை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.