மேட்டில் ஒரு மனை

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம். அட்டையை அடுக்கி ஒட்டி, காகிதக் கூழ் பூசி, மேலே பிளாஸ்டர் தடவி, இதே இடத்தில் ஐயாயிரம் வருடத்துக்கு முன்பு இருந்த ஊரின் மாதிரியை ஒரு பெரிய மேசை மேல் உட்காரவைத்தவள் அவள். நான் விளக்கப் பலகை எழுதுகிறவன். ‘ஆற்றங்கரையில் பிறந்த நாகரிகம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“கரையிலயா? கரையில குடியிருந்தா நாகரிகத்தை ஆறு அடிச்சிட்டுப் போயிருக்கும். மேட்டுல வீடு, பள்ளத்துல பயிர். அதான் அவங்க பொழைச்சாங்க” என்று சிரித்தாள்.

அவளை வளர்த்தது அண்ணன். இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த மாதிரி இருக்கும் கூடத்துக்கு அவரே கண்காணிப்பாளர். அக்காவுக்கு வாடகை அறை வாழ்க்கை சலித்துவிட்டது. மனை வாங்கித் தரச் சொல்லி, அம்மா விட்டுப்போன நகையை அப்படியே அவர் கையில் கொடுத்திருந்தாள். அண்ணன் என்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு திங்கட்கிழமை நானும் அக்காவும் போய்க் கூடத்தைத் திறந்தால், மாதிரியில் ஆற்றின் பழைய தடத்தைக் காணோம். மேட்டுக்குக் கீழே வளைந்து போகும் அந்த வறண்ட பள்ளத்தைப் பிளாஸ்டரால் நிரவி, பச்சை பூசியிருந்தார்கள். சாவி அக்காவிடமும் அண்ணனிடமும்தான் உண்டு. சற்று நேரத்தில் அண்ணன் மனை வாங்க வந்த நாலைந்து பேரை அழைத்து வந்தார். “பாருங்க, அந்தக் காலத்துலேர்ந்து இந்தப் பக்கம் தண்ணி வந்ததே இல்ல” என்று பச்சையைக் காட்டினார். நிஜத்தில் அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில்தான் இப்போது மனை பிரித்து விற்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் போனதும் அக்கா கேட்டாள். “ஏண்ணே இதை மூடின?”

“வத்திப்போன பள்ளம்தானே. பாக்குறவங்க சும்மா பயப்படுறாங்க.”

“பெருவெள்ளம் வந்தா ஆறு பழைய வழியிலதாண்ணே திரும்பி வரும்.”

“அடப் போம்மா. ஆபத்துன்னா உனக்கு அங்க எடுப்பேனா? நகையை வித்து உன் பேர்லயும் அங்க ஒரு மனை முடிச்சாச்சு.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அண்ணனுக்கு விவரம் போதவில்லை, அவரும் பாவம் ஏமாந்திருக்கிறார் என்றே நினைத்திருப்பாள். தங்கைக்கே அங்கே எடுத்திருக்கிறார் என்றதும் நானும் அப்படித்தான் நினைத்தேன். “உனக்கும் அங்கதானே எடுத்திருக்கே? உடனே திருப்பிக் குடுத்துரலாம், வாண்ணே” என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கண் அவரை மீறி மாதிரியின் மேட்டுக்குப் போனது. பழைய ஊர்க்காரர்களின் வீடுகளை அக்கா ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருந்த மேடு அது.

“உன் மனை மட்டும் மேலயா?” என்றாள்.

“அங்க... காத்து நல்லா வரும்மா.”

பிடித்த கையை அக்கா விட்டாள். “நான் சொன்னதை எல்லாம் நல்லாத்தான் கேட்டிருக்கே” என்றாள். பிறகு கத்தியை எடுத்துப் பச்சையைச் சுரண்ட ஆரம்பித்தாள். அண்ணன் கூப்பிடக் கூப்பிட நிமிரவே இல்லை.