மக்காச்சோளத் தட்டையில் ஓடாத பைக்

வேதியியல் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த கள்ளக்குறிச்சியில், அந்த அழுகை அடங்கும் முன்பே, கொல்லையில் டிரம் வைத்து எதையோ புளிக்கப் போட்டேன். என் புத்தியைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

கதிர் அறுத்தபின் என் நிலத்தில் நின்ற மக்காச்சோளத் தட்டையைச் சர்க்கரையாக்கி, அதை நொதிக்க வைத்து, எத்தனாலாக வடித்தெடுத்துப் பைக் ஓட்டுவது திட்டம். வழக்கமாக அந்தத் தட்டையைப் பக்கத்து வீட்டம்மா தன் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போவார். இந்த முறை, "இது தீவனம் இல்லம்மா, எரிபொருள்" என்று பிரசங்கம் செய்து வெறுங்கையோடு அனுப்பினேன். அன்றிலிருந்து அவர் வீட்டுத் துணி அலசிய தண்ணீர் தவறாமல் என் வாசலுக்கு வந்தது.

தட்டையை நறுக்கிச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தேன். நாரைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தபாலில் வரவழைத்துக் கொட்டினேன். பிறகு பேக்கரி ஈஸ்ட். சர்க்கரை வந்ததோ என்னவோ, நாற்றம் வந்தது. தெருமுனை டீக்கடை வரை போனது.

பக்கத்து வீட்டம்மா வேலியில் வந்து நின்றார்.

"இன்னா சார் காச்சிக்கினு இருக்கீங்க? சாராயத்துல செத்த என் தம்பிய எடுத்துக்கினு போனப்ப நீங்களும்தான பின்னால வந்தீங்க?"

நான் நார்ச்சத்து, மூலக்கூறு என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் போலீசுகிட்ட சொல்லுங்க. வந்துக்கினு இருக்காங்க."

வந்தார்கள். தெருவும் வந்தது. சாராய ஊறல் என்று வழக்குப் பதிந்தால் வேலை போய்விடும். என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்த பார்வையில் வேலை மட்டும் போவதாகத் தெரியவில்லை.

மூத்த காவலர் மூடியைத் திறந்து குனிந்து மோந்தார். கலக்கிவிட்டு மறுபடி மோந்தார்.

"எவ்ளோ ஊறல ஒடச்சிருக்கேன். இதுல ஒண்ணுமே இல்ல சார். அழுகுன தண்ணி."

தப்பித்தேன் என்று வாயை மூடியிருக்கலாம்.

"நல்லா மோந்து பாருங்க சார், கொஞ்சமாவது இருக்கும்" என்றேன்.

மனைவி உள்ளே போய்விட்டாள். காவலர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, டிரம்மைக் காலால் சாய்த்துவிட்டுப் போனார். சுண்ணாம்பைக் கழுவாமல் நொதியைக் கொட்டினால் அது அப்போதே செத்துவிடும் என்பது, நான் வருஷாவருஷம் நடத்தும் பாடம்.

கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டம்மா மட்டும் கொல்லையில் ஓடிய கூழைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"என் மாடு தின்னுருந்தா சாணியாச்சும் வந்துருக்கும்" என்றார்.