போல்ட் அடுப்பில் மேனேஜர் சாப்பாடு

என் தங்கையைச் சோம்பேறி என்று சொன்ன மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு போல்ட் செய்யும் பட்டறையில் மின்சார அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே அவள் பெயரே அடுப்புக்காரி. கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை அமிலத்தில் கழுவும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்துவிடும். கழுவிய கையோடு அடுப்பில் அடுக்கி, ஒரே சூட்டில் பல மணி நேரம் விட்டால்தான் அது வெளியேறும். வெளியேறாவிட்டாலும் போல்ட் பளபளவென்றுதான் இருக்கும். முடுக்கிய பிறகு ஒருநாள், யாரும் தொடாமலே, விரிசல் விட்டு உடையும்.

நடுவில் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். ஆனால் மதியமானால் சாப்பாட்டைச் சூடாக்க பட்டறையே டிபன் பாக்ஸோடு அந்த அடுப்பின் முன்னால் நிற்கும். கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பூட்டுப் போட்டாள். "உள்ள என்ன நகையா வச்சிருக்க?" என்று கிண்டல் செய்தாலும் மற்றவர்கள் அடங்கினார்கள். மேனேஜர் மட்டும் மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் சாப்பாடு ஆறக்கூடாதாம். திறந்த நேரத்தை ஈடுகட்ட போல்ட்டை இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே வைக்கலாமா என்று இவள் கேட்டால், ஆர்டர் அவசரம், எடு என்பார்.

போன மாதம் ஓர் ஆலையில் அந்த போல்ட்டுகள் உடைந்து, பம்ப் மூடி விழுந்து, ஃபிட்டர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆலை இன்ஜினியர் விசாரிக்க வந்தார். மேனேஜர் இவளை எதிரில் நிற்கவைத்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணு சோம்பேறி சார். சீக்கிரம் வீட்டுக்குப் போக முன்னாடியே எடுத்துடுது. இன்னையோட நிறுத்திடறேன்."

காய்ச்சலோடும் போய் அந்த அடுப்பைக் காத்தவளை.

அவள் வாய் திறப்பதற்குள் மேனேஜரின் டிரைவர் வந்தார். ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் சாவி. தினமும் செய்கிற வேலை. நேரே அடுப்பிடம் போனார்.

"திறக்காதீங்கண்ணே, உள்ள போல்ட் இருக்கு."

"என்னைக்கும்மா இல்லாம இருந்துது?" என்றார் அவர்.

இன்ஜினியர் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கி என் தங்கை கையில் கொடுத்தார். வேலை தப்பியது. மேனேஜர், ஏதோ தப்பு நடந்துபோச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

"விடுக்கா, ரெண்டு சாவியும் இப்ப எங்கிட்டதான்" என்கிறாள் இவள்.

நான் விடமாட்டேன். எந்த இடத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாரோ, அதே இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து அவர் அதைத் திரும்ப வாங்கட்டும்.