கட்டிலுக்கு இடம்

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள். முன்னறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பின்னறையில் என் கல்யாணம் இருந்தது.

அம்மா அதைச் சேர்க்க ஆரம்பித்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு போனஸ் வந்தால் போதும், மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய் ஏதாவது ஒன்று வாங்கிவிடுவாள். முதலில் எவர்சில்வர் குடங்கள் வந்தன, அப்புறம் அண்டா, தவலை, குத்துவிளக்கு. நான் காலேஜ் முடிப்பதற்குள் பீரோ, வாஷிங் மெஷின், பிளாஸ்டிக் உறை பிரிக்காத தேக்குக் கட்டில் எல்லாம் வந்துவிட்டன. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த இலவச மிக்சியும் கிரைண்டரும்கூட அட்டைப்பெட்டி பிரியாமல் அந்த அறைக்குள்தான் போயின. நாங்கள் சட்னிக்குக் கைப்பிடி உடைந்த பழைய மிக்சியைத்தான் அழுத்திப் பிடித்து ஓட்டினோம்.

பின்னறை நிறைந்த பிறகு சாமான்கள் நடைக்கு வந்தன. நடை என்பது முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சின்ன வழி. ஒரு பக்கம் பீரோ, எதிர்ப்பக்கம் கூரை வரைக்கும் பெட்டிகள். நடுவில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டும். தேக்குக் கட்டிலின் பலகைகளைப் பின்னறை ஜன்னல் மேல் சாய்த்து வைத்திருந்ததால் அந்த ஜன்னல் திறந்து பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்த பழைய கட்டிலை, இடம் போதவில்லை என்று அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா தரையில் பாய் போட்டுத்தான் படுத்தார்.

அம்மாவைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. அவள் கல்யாணமாகி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் நான்கு புடவையும்தான் கொண்டுவந்தாள். அப்பாவின் அக்காமார்கள் அவளை முகத்துக்கு நேராகவே 'வெறுங்கையோட வந்தவ' என்பார்கள். விசேஷ வீடுகளில் பாத்திரம் எடுக்கப் போனால், "பாத்து எடு, உங்க அம்மா வூட்டுது இல்ல அது" என்று ஒரு குரல் வரும். அதை அம்மா என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள். அதற்கப்புறம் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டே இருந்தாள்.

வாங்கியதோடு முடிவதில்லை. நிலக்கரிச் சுரங்கத் தூசியில், எங்கள் ஊரில் கொடியில் காயும் வெள்ளைத் துணிகூட மாலைக்குள் மங்கிவிடும். காலையில் துடைத்த பெட்டிமேல் சாயங்காலம் விரலால் எழுதலாம். அம்மா தினமும் ஈரத்துணியோடு அந்த அறைக்குள் நுழைந்து, பெட்டி பெட்டியாகத் துடைத்து, அந்துருண்டை மாற்றி, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் சமைக்கவே இல்ல" என்பாள். அவளுடைய பகல் முழுவதையும் அந்த அறை தின்றுவிடும்.

ஒரே ஒரு வரன் பேச்சுவார்த்தை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவை அம்மா பின்னறைக்கு அழைத்துப்போய் விளக்கைப் போட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் வாஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய மாடலாச்சே" என்றார். ஒரு வாரத்தில், ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் இரண்டாவது வாஷிங் மெஷின் வந்தது. முதலாவதை அம்மா வெளியே அனுப்பவில்லை.

2014இல் அப்பா ரிட்டயர் ஆனார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவர். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சில மாதம் அவகாசம் இருந்தது. அதற்குள் அப்பாவுக்குப் பல வருஷமாக இருந்த இருமல் முற்றிவிட்டது. முதலில் மாடிப்படி ஏறினால் இரைத்தது. பிறகு குளித்துவிட்டு வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் கேட்டார்.

"அப்பா எங்கம்மா படுக்கிறாரு?"

"தரையில சார்."

"தரையில வேணாம். கட்டில் போடுங்க, தலைப்பக்கம் ஒசத்தி வைங்க. ரூம்ல அட்டைப்பெட்டி, பழைய துணி, தூசி எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் தெறந்து காத்து வரணும். மாத்திரை மட்டும் போதாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எடுத்து எங்கடி வைக்கிறது? எப்படியும் வூட்டக் காலி பண்ணத்தான போறோம். அப்பப் பாத்துக்கலாம். தை பொறந்தா வரன் வரும், எல்லாம் அதுங்கூடப் போயிடும்."

"அதுவரைக்கும் அப்பா?"

"மாத்திரை சாப்புட்டுகினுதான இருக்காரு?"

அப்பா முன்னறையிலிருந்து, "விடும்மா, நான் தரையிலயே படுத்துக்கறேன். பழகிடுச்சு" என்றார்.

நான் விட்டுவிட்டேன். இரண்டு பெட்டிகளை மட்டும் முன்னறையிலிருந்து தூக்கி நடையில் வைத்தேன். சண்டை போடத் தெம்பில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். அந்த அறையைக் காலி செய்தால், எனக்கு இனிமேல் கல்யாணம் இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் அந்தப் பெட்டிகள் தேவைப்பட்டன என்று நான் சொன்னால் பொய்.

இப்படியே நான்கு மாதம் போயிற்று.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போன அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போனது. உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சரை நடைக்குள் கொண்டுவர முடியவில்லை. நேராக வந்தது, திரும்ப மறுத்தது. சாய்த்துப் பார்த்தார்கள், தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார்கள். பீரோவை நகர்த்தலாம் என்றால், நகர்த்த அதற்கு இடமில்லை.

சத்தம் கேட்டு, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஓடிவந்தார். கான்ட்ராக்ட் தொழிலாளி, பக்கத்து பிளாக்குக்கு ஏதோ வேலையாக வந்திருந்தவர். அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஸ்ட்ரெச்சர் வேணாங்க, சேர் கொண்டாங்க" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து முன்னும் பின்னுமாகத் தூக்கினார்கள். அப்பாவின் தலை ஒருபக்கமாகச் சரிந்து தொங்கியது. நாற்காலியின் கால் இடித்து மேல் பெட்டி ஆடியது. அந்த நிலையிலும் அப்பா கையை நீட்டி அந்தப் பெட்டியைப் பிடிக்கப் பார்த்தார்.

"பாத்து... பொட்டி... வுழுந்துடப் போவுது..."

பெட்டி விழுந்தது. உள்ளே கண்ணாடிச் சாமான். உடைந்த சத்தம் கேட்டும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டாள்.

அப்பா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா கூடவே இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் அனுப்புவோம், கட்டில் கட்டாயம் வேண்டும் என்றார்கள். நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் வீட்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறையைப் பார்த்ததும், "ஏ அம்மா, இதுக்குள்ள ஒரு கடையே இருக்கே. எங்கட்டி தொடங்க?" என்றார்.

கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக வெளியே எடுத்தோம். அம்மா தினமும் துடைத்தது வெளிப்பக்கத்தை மட்டும்தான். அடியில் இருந்த பெட்டிகள் ஈரத்தில் ஊறிப் பிய்ந்துபோயிருந்தன. உள்ளே வைத்த பட்டுப்பாவாடைத் துணிகளை எலி கிழித்துக் கூடு கட்டியிருந்தது. பெட்ஷீட்டுகள் மடிப்பில் மக்கிக் கையோடு வந்தன. முதல் வாஷிங் மெஷினின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. எதற்காக இத்தனை வருஷம் உடம்பைத் திருப்பி நடந்தோமோ, அதில் பாதி எப்போதோ செத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆன்ட்டிதான், "ஒங்கம்மைய நெனச்சா பாவமா இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லதாக இருந்த பாத்திரங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சித்தப்பாவின் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவருக்குப் போன் செய்தேன். மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார், ஆனால் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அண்ணியக் கேக்காம எப்படி பாப்பா? நாளைக்கி எம்மேல வருத்தம் வந்துடும்."

"அப்பாவுக்குக் கட்டில் போடணும், சித்தப்பா. நீங்க எடுத்துக்கலன்னா இத நான் ரோட்டுல வைக்கணும்."

அவர் ஏற்ற ஆரம்பித்தார். குடங்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். மிச்சம் இருந்ததைப் பழைய சாமான்காரர் எடுத்துப்போனார். மூன்றாம் நாள் அறை காலி. தரையைக் கழுவிவிட்டு, தேக்குக் கட்டிலின் உறையைக் கிழித்து, சித்தப்பாவை வைத்து ஜன்னலோரமாகப் பூட்டினேன். ஜன்னல் கதவு துருவேறி ஒட்டியிருந்தது. சுத்தியால் தட்டித்தான் திறந்தோம்.

அம்மா அப்பாவோடு வந்து இறங்கியபோது நடையில் இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடிந்தது. அம்மா அறை வாசலில் நின்று நான்கு மூலையையும் பார்த்தாள். அப்பாவைப் படுக்க வைத்து, சிலிண்டரை மாட்டி முடித்த பிறகுதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா ஒனக்கு?"

"கேட்டேனேம்மா. ஆனியிலயே கேட்டேன்."

அவள் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள். துடைக்க ஒன்றுமில்லாமல் கட்டில் காலைத் துடைத்துவிட்டு வருவாள்.

அப்பா மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எங்கள் முருங்கை மரமும், எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். அவ்வளவுதான்.

"இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கறதே மறந்துபோச்சும்மா" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

அந்தக் கட்டிலில் அப்பா ஐந்து வாரம் படுத்திருந்தார். மூன்றாவது வாரத்தில் அம்மா அவர் காலடியில் உட்கார ஆரம்பித்தாள். இருவரும் அப்படிப் பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு வேலை குறைந்துபோயிருந்தது. அப்பாவின் நகத்தை வெட்டிவிடுவாள். ஷிப்டுக்குப் போன காலத்தில் யார் யார் என்ன சேஷ்டை செய்தார்கள் என்று அப்பா துண்டு துண்டாகச் சொல்வார். அம்மா சிரிப்பாள். எங்கள் வீட்டில் நிம்மதி என்று ஒன்று இருந்தது அந்த ஐந்து வாரம்தான். அது அவ்வளவு தாமதமாக வந்தது.

ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். பெண்கள் பின்னறையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் மூத்த அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. ஒரு சாமானும் சேத்து வைக்கலியே, வூடு தொடச்சி வுட்ட மாதிரி கெடக்குது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் பதின்மூன்று வருஷம் பெட்டி துடைத்தாள். அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"இருந்துச்சுங்க. அவரு படுக்க எடம் வேணும்னு எடுத்துட்டோம்."

எடுத்துட்டோம் என்றாள். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

மாசி மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தோம். ஒரு சின்ன வண்டியில் எல்லாம் அடங்கிவிட்டது. கட்டிலை மட்டும் அம்மா கொண்டுவரவில்லை. ஆன்ட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது வீட்டில் பாத்திரம் கொஞ்சம்தான். கூட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். அம்மாவின் இடுப்பு வலி குறைந்திருக்கிறது. மத்தியானத்தில் தூங்குகிறாள். ஆனால் முதல் சில மாதம் கை சும்மா இருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் பிடித்தால்கூட, "நான் தூக்கியாரட்டுமா?" என்று கேட்பாள். வீடு லேசாகிவிட்டால் மனசும் லேசாகும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

வருஷம் திரும்பிய பிறகு ஒருநாள், வேலை முடிந்து நான் தனியாக அந்த டாக்டரிடம் போனேன். அவருக்கு அப்பாவை ஞாபகம் இருந்தது.

"நீங்க சொன்னப்பவே ரூமைக் காலி பண்ணியிருந்தா அப்பா இருந்திருப்பாரா சார்?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த நாலு மாசம் மூச்சு கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். உசுரு நின்னுருக்குமான்னு கேட்டா, சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள். ஆபீஸில் வேலை இருந்தது என்றேன். சோறு போட்டாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.