நடந்துபோனவனை ஏற்றிவந்த அங்கிள்

இன்று காலை எங்கள் ஊர் கிரான்பர்னில் பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். கோயிலில் பழக்கமான அங்கிள் ஒருவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

“தம்பி, கிட்னி மாத்தின ஆள் இப்பிடி நடக்கலாமே? அது கழண்டு போடும். ஏறும்!”

“இதயத்துக்கு நல்லதெண்டு டொக்டர்தான் நடக்கச் சொன்னவர், அங்கிள்.”

“டொக்டர்மாருக்கென்ன தெரியும்!”

வற்புறுத்திக் காரில் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எனக்குக் கிட்னி தந்த மனைவிதான் கதவைத் திறந்தாள். அங்கிள் என்னைக் காப்பாற்றிய கதையைப் பெருமையாகச் சொன்னார்.

“அங்கிள், நான் குடுத்த கிட்னி நல்லா இருக்கு. இவற்ற இதயம் பழுதாப் போனா அதுவும் வீண். ரெண்டு பேரும் போய் நடந்திட்டு வாங்கோ.”

முதல் சந்தியிலேயே அங்கிளுக்கு மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். டொக்டரிடம் அவருக்கு நேரம் எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு இலவச வைத்தியம் சொல்லும் அங்கிள்மார் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள்? கேட்டுச் சொல்லுங்கள்.