வெயிலில் வைத்த பேட்டரி

போன சித்திரை விடுமுறையில், களுதாவளையில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு படிக்கும் மகள், ஆய்வறிக்கை எழுதி முடிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏறவில்லை. வயர் செருகியிருக்கும்வரை வேலை செய்யும். கரண்ட் போனால் அதோடு அணைந்துவிடும். கரண்டோ அடிக்கடி போய்வந்தது. எழுதியது அழிந்து அழிந்து, பிள்ளை அழுதேவிட்டாள்.

எனக்குத் தெரிந்தமட்டும் பார்த்தேன். வேறு பிளக்கில் செருகினேன். பக்கத்து வீட்டில் அதே மாதிரிச் சார்ஜர் வாங்கிப் போட்டேன். சார்ஜரின் விளக்கு எரிந்தது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. திருத்தும் கடையில் காட்டினோம்.

"பேட்டரி செத்துப் போச்சு சேர். புதுசு கொழும்பில இருந்து வரணும். அதுவரைக்கும் இதக் கழட்டி வச்சிட்டு வயரிலயே பாவியுங்க" என்றார் கடைக்காரர்.

நான் யோசித்தது வேறு. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. ரேடியோ பேட்டரி செத்துப்போனால் வெயிலில் காயவைப்போம். ஒரு செய்தி கேட்குமளவுக்காவது உயிர் வரும். என் வயதுக்காரர் எல்லோரும் செய்த வேலைதான். மறுநாள் அந்தப் பேட்டரியைக் கிணற்றுக்கட்டில் நல்ல வெயிலில் வைத்தேன்.

மனைவி கண்டுவிட்டாள். "என்ன, கருவாடா காயப்போடுறீங்க? காகம் தூக்கப் போகுது."

"சிரி, சிரி. பின்னேரம் பாரு" என்றேன்.

சூடு ஆறியதும் எடுத்துப் போட்டேன். இலேசில் உள்ளே போகவில்லை. நடுவில் கொஞ்சம் புடைத்திருந்தது. அமுக்கித்தான் பூட்டினேன். வயரைச் செருகினால், சார்ஜ் ஏறுவதாகத் திரையில் அடையாளம் வந்தது!

"அப்பா, நீங்க பெரிய எஞ்சினியர்தான்!" என்று மகள் என் தோளில் தட்டினாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் கொட்டி, அதை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

குசினிக்குள் இருந்து மனைவி கூப்பிட்டாள். "மகள், வந்து சாப்பிட்டுட்டு எழுது."

"கொஞ்சம் பொறுங்கம்மா."

"புட்டு ஆறுது. இப்ப வாறியா, நான் வரட்டா?"

முணுமுணுத்தபடி மகள் அதை மெத்தையில் வைத்துவிட்டு எழும்பி வந்தாள். முதல் வாய்கூட வைத்திருக்கமாட்டாள். அறைக்குள் 'உஸ்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மடிக்கணினியின் பக்கத்தால் வெள்ளைப் புகை சீறிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் படாரென்று வெடித்தது. தீ தெறித்து, கட்டிலுக்கு மேலே தொங்கிய நுளம்பு வலை பற்றிக்கொண்டது.

"என்ட றிப்போட்!" என்று மகள் உள்ளே பாய, மனைவி அவளை இடுப்போடு கட்டிப்பிடித்து நிலத்தில் விழுந்தாள். நான் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வலையைப் பிய்த்தெறிந்து, மெத்தையோடு எல்லாவற்றையும் முற்றத்துக்கு இழுத்தேன். அயலவர்கள் ஓடிவந்து மணலை அள்ளிக் கொட்டினார்கள். அணைந்துவிட்டது என்று நினைக்க, மணலுக்குள் இருந்து திரும்பவும் சீறியது.

எல்லாம் அடங்கியபின் மெத்தையைப் பார்த்தேன். மகள் இருந்த இடம் கருகிப் பள்ளமாகிக் கிடந்தது. அப்படியே மணலில் இருந்துவிட்டேன். யாரும் என்னை ஏசவில்லை. மனைவி மகளின் கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை கொடுக்க விரிவுரையாளர் மேலும் தவணை தந்தார். சிநேகிதியின் கணினியில் மகள் அறிக்கையை மறுபடி எழுதி முடித்தாள். அந்தப் பேட்டரிக்குள் நெருப்பாகும் அளவுக்குச் சக்தி மிச்சம் இருந்தது என்பதையும், புடைத்த பேட்டரியைத் தொடவே கூடாது என்பதையும் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

பிள்ளைக்கு ஒன்றைச் செய்துகொடுத்து அவள் முகம் மலரும்போது வரும் சந்தோஷத்தை இப்போதெல்லாம் நான் முழுதாக நம்புவதில்லை. அவள் மடியில் எதை வைத்தேன் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.